எட்டு செல், இரண்டு உலை, நான்கு மாதம்: நானோ துகள் ஏற்றிய ஆனோடு எப்படி?

பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது உடைந்த செல்தான். எட்டு எரிபொருள் செல் கேட்டிருந்தோம், எட்டும் வந்திருந்தது. ஒன்றில் மட்டும் ஓரம் நகக்கண் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. பெயர்ந்த துண்டும் பஞ்சுக்குள் பத்திரமாக இருந்தது! செராமிக் பொருள் தபாலில் வந்தால் இதெல்லாம் சகஜம், திருப்பி அனுப்பவில்லை. உலையில் ஏற்ற முடியாத செல்லை வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாமே. கடைசியில் எட்டிலும் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது அந்த மூளிதான்.

என் வேலை இதுதான்: திட ஆக்சைடு எரிபொருள் செல்லை, அதாவது ஹைட்ரஜனை எரிக்காமலே மின்சாரம் எடுக்கும் செராமிக் வில்லையை, உலையில் ஏற்ற வேண்டும், ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் விட வேண்டும், மின்னழுத்தக் கோடு எப்படிப் போகிறது என்று வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆராய்ச்சி செய்பவர்கள் வேறு, நான் அவர்களுடைய செல்லுக்குக் காவல். அதனால் இந்த மதிப்புரையில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இருக்காது. நானோ துகள் ஏற்றிய ஆனோடு (ஹைட்ரஜன் பக்கத்து மின்முனை) உள்ள பட்டன் செல்களை, அதாவது சிறிய சோதனைச் செல்களை, வாங்கலாமா, வாங்கினால் எதைக் கேட்டு வாங்குவது, எந்தச் சூட்டில் ஓட்டுவது என்பதை நான்கு மாதம் ஓட்டிப் பார்த்தவள் சொல்கிறேன். விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை அவர்களுடைய சரக்கில் மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, இந்த வகைச் சரக்கின் சுபாவமே அப்படி.

இந்த ஆனோடில் அப்படி என்ன விசேஷம்? சாதாரண ஆனோடு என்பது நிக்கல் ஆக்சைடும் இட்ரியா சேர்த்த சிர்கோனியா என்ற செராமிக்கும் கலந்து, ஏறக்குறைய 1400 டிகிரியில் சுட்டெடுத்தது. ஹைட்ரஜன் பட்டதும் நிக்கல் ஆக்சைடு உலோக நிக்கலாகிவிடும். எலக்ட்ரானை நிக்கல் கடத்தும், ஆக்சைடு அயனியைச் சிர்கோனியா கடத்தும், நுண்துளை வழியாக வாயு வரும். இந்த மூன்றும் சந்திக்கிற விளிம்பில்தான் மின்வேதி வினை நடக்கிறது. விளிம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு லாபம். ஆனால் 1400 டிகிரியைப் பார்த்த துகள் சிறியதாக இருக்காது, மைக்ரான் கணக்கில் பருத்திருக்கும். அதனால் ஒரு குறுக்கு வழி பிடித்தார்கள். நுண்துளை உள்ள செராமிக் எலும்புக்கூட்டை முதலில் பெரிய சூட்டில் சுட்டு முடித்துவிடுவது. அப்புறம் அதன் துளைகளுக்குள் நிக்கல் நைட்ரேட், சீரியம் நைட்ரேட் கரைசலை ஊறவைத்து, உலர்த்தி, சில நூறு டிகிரியில் மட்டும் சுடுவது. இப்படி இறங்குகிற துகள் 30, 40, 50 நானோமீட்டரில் நிற்கும். துளைச் சுவர் முழுக்க மணல் தூவினாற்போல் இருக்கும். ஒரு முறை ஊறவைத்தால் கொஞ்சம்தான் இறங்கும் என்பதால் ஊறவைத்துச் சுடுவதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

இந்த வழிக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கோர்ட்டேயும் வோஸும். 2000இல் அவர்கள் காட்டியது செம்பும் சீரியாவும் (சீரியம் ஆக்சைடு) ஏற்றிய ஆனோடு. ஹைட்ரோகார்பனை நேரடியாக விட்டால் நிக்கல் கரி பிடித்துப்போகும், செம்பு அப்படிப் பிடிக்காது. ஆனால் செம்பின் ஆக்சைடு சிர்கோனியாவைச் சுடுகிற சூட்டைத் தாங்காமல் உருகிவிடும், இரண்டையும் சேர்த்துச் சுட வழியில்லை. அதனால்தான் கரைசலாக ஊற்ற வேண்டி வந்தது. வேறு வழியில்லாமல் செய்தது பிறகு எல்லோருக்கும் ஒரு உத்தியாகிவிட்டது.

எங்கள் பெட்டியில் இரண்டு வகை இருந்தது. முதல் வகை ஐந்து: வழக்கமான நிக்கல்-சிர்கோனியா ஆனோடு, அதன்மேல் காடோலினியம் சேர்த்த சீரியாவும் நிக்கலும் நானோ துகளாக ஏற்றியது. இரண்டாம் வகை மூன்று: வெறும் சிர்கோனியா எலும்புக்கூடு, உள்ளே இருக்கிற நிக்கல் முழுவதும் ஊற்றி ஏற்றியதுதான். இரண்டும் ஒரே குடும்பம் என்று விவரத்தாள் சொல்கிறது. ஓட்டிப் பார்த்தால் குணத்தில் சம்பந்தமே இல்லை.

விவரத்தாளில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன்: உச்ச மின்திறன் எண், துகள் எத்தனை எடை சதவீதம் ஏறியிருக்கிறது என்பது, அழகான ஒரு நுண்ணோக்கிப் படம். இல்லாதது ஒன்றே ஒன்று, அந்த எண்ணை எத்தனையாவது மணி நேரத்தில் அளந்தார்கள் என்பது.

செல்லைக் கையில் எடுத்தபோதே ஒன்று உறுத்தியது. ஆனோடு முகத்தில் மங்கலான பச்சைக்கு மேல் கருப்பாக ஒரு படலம். கையுறை விரலால் லேசாகத் தேய்த்தேன், பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. கரைசல் உலரும்போது உள்ளே இருப்பது துளை வழியாக மேலே இழுபட்டு முகத்திலேயே படிந்துவிட்டால் இப்படித்தான் இருக்கும். உள்ளே போக வேண்டிய சரக்கு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, வாயு போகும் துளையையும் அடைக்கும். ஐந்து செல்லில் இரண்டில் இந்தப் படலம் தெளிவாகத் தெரிந்தது, மற்றவற்றில் லேசாக. கையால் ஊற்றும் வேலையில் செல்லுக்குச் செல் இவ்வளவு வித்தியாசம் வரும் என்பது தெரிந்ததுதான், இருந்தாலும் விற்கிற பொருளில் துடைத்தாவது அனுப்பியிருக்கலாம். இதோடு இன்னொன்று: நிக்கல் ஆக்சைடுப் பொடி மூச்சில் போகக்கூடாத சமாச்சாரம், புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. முகமூடி போடாமல் இந்தப் படலத்தைச் சுரண்டாதீர்கள்.

முதல் வகையில் ஒன்றை ஒரு உலையிலும், அதே விற்பனையாளரின் துகள் ஏற்றாத சாதாரணச் செல்லை அடுத்த உலையிலும் ஏற்றினோம். இரண்டுக்கும் 700 டிகிரி, இரண்டுக்கும் ஒரே ஹைட்ரஜன் குழாய், அறைச்சூட்டுத் தண்ணீர்ப் புட்டி வழியாக. 25 டிகிரித் தண்ணீரில் குமிழிவிட்டு வந்தால் ஹைட்ரஜனில் ஏறக்குறைய 3 சதவீதம் நீராவி இருக்கும். அந்தக் கலவைக்கு 700 டிகிரியில் சுமை இல்லாதபோது 1.12 வோல்ட் வர வேண்டும் என்பது கணக்கு. எங்களுக்கு இரண்டிலும் 1.10 வந்தது. சீல் ஒழுகவில்லை என்று நிம்மதி.

பிறகு சதுர சென்டிமீட்டருக்கு அரை ஆம்பியர் இழுத்தோம். சாதாரணச் செல் 0.79 வோல்ட். துகள் ஏற்றியது 0.86. ஒரே மின்னோட்டத்தில் 70 மில்லிவோல்ட் கூடுதல் என்பது இந்தத் தொழிலில் சின்ன விஷயம் இல்லை. கூட இருந்த ஆராய்ச்சி மாணவன் கைப்பேசியில் திரையைப் படம் எடுத்தான். "ஏன்டா, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றேன். "அக்கா, விவரத்தாள்ல போட்டிருக்கிற மாதிரியே வந்திருச்சே!" என்றான்.

மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே அவன் திரை முன்னால் நின்றுகொண்டிருந்தான். "அக்கா, கோடு இறங்குது."

இறங்கத்தான் செய்யும். காரணம் ரொம்ப எளிமையானது, இந்த மதிப்புரையில் நான் சொல்ல வந்ததே இதுதான். இந்தத் துகள் பிறந்த சூட்டைவிட அது வாழ வேண்டிய சூடு அதிகம். சாதாரண ஆனோடு 1400 டிகிரியைப் பார்த்துவிட்டு 700க்கு வருகிறது, அதற்கு 700 என்பது ஓய்வு மாதிரி. ஊற்றி ஏற்றிய துகள் சில நூறு டிகிரியில் பிறந்து 700க்குப் போகிறது. ஒரு திடப்பொருளின் அணுக்கள் எந்தச் சூட்டில் இடம்விட்டு இடம் நகரத் தொடங்கும் என்பதற்கு டாமன் என்பவர் பெயரில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: உருகுநிலையைக் கெல்வினில் எடுத்துப் பாதியாக்கு. நிக்கல் உருகுவது 1455 டிகிரி செல்சியஸ், அதாவது 1728 கெல்வின். பாதி 864, செல்சியஸில் 591. நாங்கள் ஓட்டுவது 700. செம்புக்கு இதே கணக்குப் போட்டால் ஏறக்குறைய 406 டிகிரிதான் வருகிறது. செம்பு ஆனோடு ஏன் பெரிய சூட்டில் நிற்காமல் திரண்டுபோகிறது என்பதற்கும் இதே பதில்தான்.

நகர்ந்தால் என்ன ஆகும்? சின்னது கரைந்து பெரியது பருக்கும், பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு நிக்கலுக்கும் சிர்கோனியாவுக்கும் உறவு தாமரை இலைத் தண்ணீர்தான். பரவி ஒட்டாது, உருண்டு திரளும். 40 நானோமீட்டர்த் துகள் 320 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 512 துகள் சேர்ந்து ஒரு துகள், மொத்த மேற்பரப்பு எட்டில் ஒன்று. சரக்கு ஒரு துளிகூடக் குறையவில்லை, வேலை செய்யும் இடம் மட்டும் காணாமல் போய்விட்டது.

ஆனால் இது இப்படியே போய்க்கொண்டிருக்காது, அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. துகள் பருக்கிற வேகம் துகள் பருக்கப் பருக்கக் குறையும். விட்டத்தின் முப்படி நேரத்தோடு நேர்விகிதத்தில் கூடுகிறது என்று எடுத்துக்கொண்டால், முதல் இரட்டிப்புக்கு 10 மணி நேரம் ஆனால் அடுத்த இரட்டிப்புக்கு 80 மணி, அதற்கடுத்ததற்கு 640. எங்கள் செல்லும் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்துகொண்டது. முதல் இரண்டு நாளிலேயே 0.835க்கு வந்துவிட்டது. 500 மணி நேரம் ஆனபோது 0.82. அதே நேரத்தில் சாதாரணச் செல் 0.785. ஆக, மூன்று வாரத்துக்குப் பிறகும் துகள் ஏற்றியது முன்னால்தான் நின்றது, முதல் நாள் காட்டிய இடைவெளியில் பாதியோடு.

இந்தக் கோட்டை வைத்து இரண்டு விதமாக ஏமாறலாம். முதல் 50 மணி நேரத்தைப் பார்த்து, அதே சரிவை 40,000 மணி நேரத்துக்கு நீட்டி, இது ஒன்றுக்கும் ஆகாது என்று தூக்கிப் போடலாம். நிலையான மின்நிலையத்துக்கு இந்தத் துறையில் எல்லோரும் குறிவைக்கிற ஆயுள் அதுதான், ஏறக்குறைய நாலரை வருடம். இல்லை, 300 மணிக்கு மேல் கோடு படுத்துவிட்டதைப் பார்த்து, இனி கவலையில்லை என்று நம்பலாம். இரண்டாவது ஏமாற்றம்தான் ஆபத்து, ஏன் என்று இரண்டாம் வகைச் செல் சொல்லும்.

முதல் வகை தாக்குப்பிடித்ததற்கு இரண்டு காரணம். அதில் மின்சாரம் கடத்துகிற முதுகெலும்பு பழைய மைக்ரான் நிக்கல்தான். நானோ துகள் திரண்டால் ஊக்கம் குறையுமே தவிர வழி அறுந்துபோகாது. அடுத்தது சீரியா. நிக்கல் துகள்களுக்கு நடுவே சீரியாத் துகள்கள் வேலி மாதிரி நின்றுகொண்டு, நிக்கலும் நிக்கலும் முட்டிக்கொள்வதைத் தள்ளிப்போடுகின்றன. சீரியா தானும் ஹைட்ரஜன் சூழலில் எலக்ட்ரான், அயனி இரண்டையும் கடத்தும் என்பதால் வெறும் வேலியாக மட்டும் இல்லை. 500 மணி முடிந்த பிறகு அதே செல்லில் சில பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) ஹைட்ரஜன் சல்பைடு கலந்து இரண்டு நாள் விட்டோம். கோடு பொத்தென்று விழுந்தது, வாயுவைச் சுத்தமாக்கியதும் பெரும்பகுதி மீண்டு வந்தது. கந்தகத்தைத் தாங்குவதற்குச் சீரியா உதவும் என்பது பலரும் பார்த்தது, எங்களுக்கும் அப்படித்தான். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல இல்லை.

800 டிகிரியில் இன்னொரு முதல் வகைச் செல்லை ஓட்டினோம். அதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன்: பத்து நாளில் சாதாரணச் செல்லும் அதுவும் ஒரே கோடு. 800இல் ஓட்டுகிறவர்கள் இந்தச் சரக்கை வாங்க வேண்டாம்.

இரண்டாம் வகைக்கு வருகிறேன். வெறும் எலும்புக்கூட்டுக்குள் ஊற்றிய நிக்கல். மாணவனுக்கு இதன்மேல்தான் ஆசை, அதற்குக் காரணமும் இருக்கிறது. கலந்து சுட்ட ஆனோடில் நிக்கல் ஒன்றையொன்று தொட்டு மின்வழி உண்டாக ஏறக்குறைய 30 சதவீதம் கனஅளவு நிக்கல் வேண்டும். ஊற்றி ஏற்றினால் அது சுவரைப் போர்த்தியபடி போவதால் அதைவிட நன்றாகக் குறைந்த நிக்கலே போதும். முதல் நாள் எண்ணும் நன்றாகத்தான் இருந்தது. 700 டிகிரி, அதே அரை ஆம்பியர்.

நான்காம் நாளிலிருந்து சரிவு வேறு மாதிரி இருந்தது. மின்னழுத்தத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது, இம்பீடன்ஸ், அதாவது பல அதிர்வெண்களில் மின்தடை, எடுத்தால்தான் தெரியும். வரைபடத்தில் ஒரு வளைவு வருமில்லையா, அது இடது பக்கம் அச்சைத் தொடும் இடம் ஓமிக் தடை, அதாவது கம்பி, எலக்ட்ரோலைட் (இரு மின்முனைக்கும் நடுவே ஆக்சைடு அயனியை மட்டும் விடும் படலம்), ஆனோடு எல்லாவற்றிலும் மின்சாரம் நடந்துபோகிற சிரமம். வளைவின் அகலம் வினை நடக்கிற சிரமம். முதல் வகையில் தொடும் இடம் அசையவில்லை, வளைவு மட்டும் அகன்றது. துகள் பருத்து மேற்பரப்பு குறைந்ததற்கு அதுதான் அடையாளம். இரண்டாம் வகையில் வளைவு அகன்றதோடு, தொடும் இடமும் நாளுக்கு நாள் வலப்பக்கம் நகர்ந்தது. எலக்ட்ரோலைட் அப்படி ஒரு வாரத்தில் கெடாது. பாதை அறுகிறது என்று அர்த்தம். மெல்லிய நிக்கல் போர்வை திரண்டு திரண்டு தனித்தனித் தீவாகிறது. தீவுக்கும் தீவுக்கும் பாலம் இருக்கிறவரை எலக்ட்ரான் போகும். கடைசிப் பாலங்கள் போகும்போது அது படிப்படியாகத் தெரியாது. எங்களுக்கு எட்டாம் நாள் ராத்திரியில் கோடு குப்புற விழுந்தது. காலையில் அரை ஆம்பியர் தாங்காமல் கருவி தானாகவே நின்றிருந்தது. படுத்த கோட்டை நம்பாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். மேற்பரப்பு குறைவது மெதுவாக, கணக்குக்குள் அடங்கி நடக்கும். வழி அறுவது ஒரு எல்லை வரை ஒன்றும் சொல்லாது, அப்புறம் ஒரேயடியாகச் சொல்லும்.

சரி, அப்படியானால் இரண்டாம் வகை குப்பையா? அப்படியும் சொல்ல முடியவில்லை, ஒரு விபத்து அதற்குச் சாட்சி சொன்னது. இரண்டாவது எலும்புக்கூட்டுச் செல்லை ஓட்டிக்கொண்டிருந்தபோது, அடுத்த உலையில் ஒரு சாதாரணச் செல் இருந்தது. ஒரு நடுராத்திரி ஹைட்ரஜன் சிலிண்டர் காலி. அந்த நேரத்தில் தானாகத் திறக்க வேண்டிய நைட்ரஜன் வால்வு திறக்கவில்லை. அந்த வால்வைச் சோதிக்க வேண்டியவள் நான்தான், மூன்று வாரமாகச் சோதிக்கவில்லை. ஆனோடு பக்கம் காற்று கசிந்து, 700 டிகிரியில் இருந்த நிக்கல் எல்லாம் திரும்ப ஆக்சைடாகிவிட்டது.

நிக்கல் ஆக்சைடாகும்போது கனஅளவு ஏறக்குறைய 70 சதவீதம் ஊதும். கலந்து சுட்ட ஆனோடில் நிக்கலே உடம்பின் பாதி. அது ஊதினால் மேலே இருக்கிற பத்து மைக்ரான் எலக்ட்ரோலைட் தாங்காது. மறுநாள் சிலிண்டர் மாற்றி ஹைட்ரஜன் விட்டுப் பார்த்தால் சாதாரணச் செல் 0.7 வோல்ட்டைத் தாண்டவில்லை, விரிசல். எலும்புக்கூட்டுச் செல் 1.08க்குத் திரும்பியது. பாரத்தைச் சுமப்பது சிர்கோனியாதான், நிக்கல் வெறும் போர்வை. போர்வை ஊதினாலும் சுவர் இடியவில்லை. சுமை கொடுத்ததும் முன்பைவிட மோசமாகத்தான் இருந்தது, ஆக்சைடாகித் திரும்ப உலோகமானதில் நிக்கல் இடம் மாறித் திரண்டிருக்க வேண்டும். ஆனாலும் உயிரோடு இருந்தது. அடிக்கடி அணைத்து ஏற்றுகிற, எரிபொருள் வரத்து நம்பிக்கையில்லாத இடத்துக்கு இந்த வடிவத்தில் விஷயம் இருக்கிறது. நிக்கல் போர்வையை நிலைக்க வைக்கத்தான் யாராவது வழி செய்ய வேண்டும்.

நீராவிச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விவரத்தாளில் இது அறவே இல்லை. 3 சதவீத நீராவி என்பது ஆய்வுக்கூடச் சொகுசு. பல செல் சேர்ந்த உண்மையான அடுக்கில் எரிபொருளின் பெரும்பகுதி செலவாகி, வெளியே போகிற வாசலில் பாதிக்கு மேல் நீராவிதான் இருக்கும். ஆனோடில் வினை நடந்தால் பிறப்பது தண்ணீர்தானே. சூடான நீராவியில் நிக்கல் ஹைட்ராக்சைடு வடிவில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி இடம் மாறும். துகள் பருப்பதற்கு அது இன்னொரு வழி. அதனால் மூன்றாவது முதல் வகைச் செல்லை 50 சதவீத நீராவியில் ஓட்டினோம். தண்ணீர்ப் புட்டியை 81 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும்.

சொல்வதற்குச் சுலபம். புட்டியிலிருந்து உலை வரை குழாய் முழுவதையும் சூட்டு நாடா சுற்றி 100 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். நாங்கள் ஒரு இணைப்பில் இரண்டு விரல்கடை விட்டுவிட்டோம். அந்த இடத்தில் தண்ணீர் கோத்து, சொட்டாகச் சேர்ந்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை உலைக்குள் ஓடி ஆவியாகியிருக்கிறது. ஒவ்வொரு சொட்டுக்கும் கோட்டில் ஒரு குழி. இரண்டு நாள் செல்லைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். மாணவன் குழாயைக் கையால் தடவிப் பார்க்கப்போய், ஓரிடத்தில் சுடவில்லை என்று கண்டுபிடித்தான். நாடாவைச் சரிசெய்ததும் கோடு நேரானது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஓட்டியதில், 3 சதவீத நீராவியில் மூன்று வாரத்தில் இழந்ததைவிட அதிகம் இழந்தது. நீராவியில் எப்படி என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அவர்கள் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த மூளிச் செல். ஓடவே இல்லாத அதை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது மேற்பரப்புக்குப் பக்கத்தில் துகள் அடை அடையாக இருந்தது. உள்ளே போகப் போகக் குறைந்து, எலக்ட்ரோலைட்டை ஒட்டிய கடைசிப் பத்து மைக்ரானில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். வேலை பெரும்பாலும் நடப்பது அந்தக் கடைசிப் பத்து மைக்ரானில்! ஏற்றிய எடையில் பெரும்பங்கு சும்மா உட்கார்ந்திருக்கிறது. வெற்றிடம் வைத்து ஊறவைத்தார்களா, கரைசல் துளைக்குள் பரவ நனைப்பான் ஏதும் சேர்த்தார்களா, மெதுவாக உலர்த்தினார்களா என்றெல்லாம் கேட்கத் தோன்றியது. 500 மணி ஓடிய செல்லில் அதே இடத்தைப் பார்த்தால் மணல் போய்க் கூழாங்கல் வந்திருந்தது. சீரியா நெருக்கமாக இருந்த மூலைகளில் மட்டும் இன்னும் மணல்.

விற்றவருக்கு எழுதினேன்: எந்தச் சூட்டில் சுட்டீர்கள், எத்தனை மணி நேரம்? முதல் பதில் ஒரே வரி, தொழில் ரகசியம். கூழாங்கல் படத்தை இணைத்து மறுபடி எழுதினேன். இந்த முறை வேறொருவர் பதில் எழுதினார், பக்கம் பக்கமாக, பொறுப்பாக. கடைசியாகச் சுட்டது 400 டிகிரியில், அதற்குமேல் பழக்கப்படுத்தவில்லை, முதல் நாள் எண் குறைந்துவிடும் என்பதால் என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். இந்த நேர்மைக்காக ஒரு நட்சத்திரம் கூடுதலாகவே கொடுக்கிறேன். இதை விவரத்தாளில் எழுதாததற்காக அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பழக்கப்படுத்துவது என்றால் இதுதான்: ஓட்டப்போகும் சூட்டைவிட 50, 100 டிகிரி அதிகத்தில், ஈரமான ஹைட்ரஜனில் செல்லைச் சில நாள் வைத்துவிடுவது. பருக்க வேண்டியது பெரும்பாலும் அப்போதே பருத்துவிடும். பிறகு சூட்டைக் குறைத்து, அங்கிருந்து கணக்கை ஆரம்பிக்க வேண்டும். தொடக்க எண் மெலிந்திருக்கும், ஆனால் அது நிற்கும் எண். முதல் நாள் சூரனைவிட மூன்றாம் வாரத்து ஆள்தான் எனக்கு வேண்டும். இரண்டாம் வகைக்கு இந்த வைத்தியம் செய்யாதீர்கள், உள்ள பாலங்களையும் நாமே அறுத்த கதையாகும்.

துகளை ஊற்றாமல், பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள ஆக்சைடுக்குள்ளிருந்தே முளைக்க வைக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் நியாகுவும் இர்வினும் 2013இலும் 2015இலும் வெளியிட்ட வேலைகளில், நிக்கல் துகள் தாய்ப்பொருளில் பாதி புதைந்து வேர்விட்டதுபோல் நிற்பதைக் காட்டினார்கள். அப்படி நிற்கிற துகள் எளிதில் நகராது, கரி பிடிப்பதும் குறைவு. ஊற்றியது ஒட்டவைத்தது, இது முளைத்தது. அந்த மாதிரிச் செல்லை நான் கையால் ஓட்டியதில்லை, அதனால் அதற்கு நட்சத்திரம் போட முடியாது.

இந்தப் பெட்டிக்கு என் கணக்கு: முதல் வகைக்கு ஐந்தில் மூன்றரை, அதுவும் 600 முதல் 700 டிகிரிக்குள் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும். குறைந்த சூட்டில்தான் ஆனோடு வினை சுணங்கும், அங்கேதான் கூடுதல் மேற்பரப்புக்கு வேலை இருக்கிறது, துகளும் அங்கேதான் அடங்கியிருக்கும். இரண்டாம் வகைக்கு இரண்டு, அதுவும் அந்தச் சிலிண்டர் ராத்திரிக்காக. பொட்டலம் கட்டிய விதத்துக்கு ஒன்று. வாங்குகிறவர்கள் விவரத்தாளில் உச்ச மின்திறனுக்குப் பதில் 500ஆம் மணி நேரத்து மின்னழுத்தத்தைக் கேளுங்கள், கூடவே அன்றைய இம்பீடன்ஸ் படத்தையும். வந்ததும் ஒரு செல்லைத் தியாகம் செய்து வெட்டிப் பாருங்கள். உங்களுக்கு ஏற்கெனவே உடைந்தே வந்தால் அந்தச் சிரமமும் மிச்சம்.

எட்டில் ஆறு முடிந்துவிட்டது. ஒரு எலும்புக்கூட்டுச் செல் ஈரம் படாத பெட்டியில் இருக்கிறது. கடைசி முதல் வகைச் செல்லை 750 டிகிரியில் மூன்று நாள் வைத்துவிட்டு, 650க்கு இறக்கி, 0.3 ஆம்பியரில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். மாணவன் இந்த முறை முதல் நாள் படம் எடுக்கவில்லை. இன்று காலை 312 மணி, 0.81 வோல்ட். முந்தாநாளும் 0.81தான். வால்வைத் திங்கட்கிழமைதோறும் சோதிக்கிறேன்.